அரிசி டிரம்மில் ஒரு ஊர்

பழைய வீடியோ கேம் கேசட் ரிப்பேர் பார்ப்பவர்களுக்கு ரத்தக் கொதிப்பு வர உப்பும் ஊறுகாயும் தேவையில்லை. கேசட்டின் சொந்தக்காரர்களே போதும்.

கொழிஞ்சாம்பாறையில் மிக்சி, டிவி, செட்டாப் பாக்ஸ் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அது பிழைப்பு. பிழைப்பைக் கெடுக்க ஒரு கிறுக்கு வேண்டுமல்லவா, அதுதான் இந்தக் கேசட். டிவியோடு மாட்டி ஆடுவோமே ஒரு பெட்டி, அதன் தலையில் செருகுகிற கையகலப் பிளாஸ்டிக் சமாச்சாரம். மஞ்சள் நிறத்தில் இருந்தால் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் உள்ளே என்று படம் ஒட்டியிருக்கும். போட்டுப் பார்த்தால் அதே நாலு ஆட்டம் வேறு வேறு பெயரில் வந்து நிற்கும். அவற்றைத் தேடித் தேடிச் சேர்க்கிறேன், ஆடுகிறேன், மற்றவர்கள் சேர்த்து வைத்ததைச் சரி செய்தும் கொடுக்கிறேன். "பொம்பள சட்டி பானை சேப்பா, இவ கேசட்டு சேக்கறா" என்று எங்கள் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார், அதனால் நான் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

உங்களுக்கும் இந்த நோய் உண்டென்றால் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு படியுங்கள். இதில் வருகிற மற்ற அதிர்ச்சிகளெல்லாம் தும்மல் மாதிரி, வந்தது, போனது. ஒன்று மட்டும் அப்படிப் போகவில்லை. சூரியநெல்லியில் ஸ்டெல்லா என்கிற தேயிலைத் தொழிலாளியிடம் ஒரு கேசட் இருக்கிறது. அதற்குள் அவள் ஆடிச் சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் ஒருநாள் திடீரென்று அழியப்போகிறது என்று தெரிந்த பிறகு, அதைக் காப்பாற்றுகிற வரைக்கும் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

பொட்டு

வேலந்தாவளம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் ஆயுத பூஜை முடிந்த கையோடு கடைக்கு வந்தார். மகன் துபாயிலிருந்து லீவுக்கு வருகிறானாம். சின்ன வயதில் அவன் ஆடிய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருக்கிறார். பூஜைக்கு முந்தின நாள் வரை ஓடியது, இப்போது திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வருகிறது என்றார்.

கேசட்டைத் திருப்பிப் பார்த்த எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதன் வாயில் பித்தளை நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்குமே, அதில் ஒரு பல்லும் தெரியவில்லை. சந்தனத்தை அப்பி, காயவிட்டு, அதன்மேல் பல்லுக்கு ஒன்றாகக் குங்குமப் பொட்டு. ஈர்க்குச்சியால் தொட்டுத் தொட்டுப் பொறுமையாக வைத்த வேலை. பெட்டியின் துளைக்குள் செவ்வந்தி இதழ் வேறு. இதை யார் செய்தது என்று கேட்டேன். தானேதான் என்றார், பெருமையோடு. பொட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் மேல்பக்கம் வைத்திருக்கலாமே, பல்லிலா வைப்பார்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, வேல செய்யற எடத்துலதானுங்களே பொட்டு வெக்கோணும்? அருவாளுக்குப் புடியிலயா வெக்கறோம்?"

ஊதல்

கேசட் ஓடவில்லை என்றால் மனிதனாகப் பிறந்தவன் செய்கிற முதல் காரியம் அதன் வாயில் ஊதுவது. நாம் எல்லோரும் ஊதியவர்கள்தான். போவது வெறும் காற்று என்று நினைத்தோம். கூடவே எச்சிலும் போய், பல்லில் பச்சை பூத்து, கடைசியில் நாம் ஊதியதாலேயே அது ஓடாமல் போனது. இதை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

சித்தூர் வழி ஓடும் பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர் தன் கேசட்டைக் கொண்டுவந்தார். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு பல்லாகத் துடைத்து, போட்டு ஓட்டிக் காட்டி, இனிமேல் உயிரே போனாலும் ஊதக்கூடாது என்று அரைமணி நேரம் வகுப்பு எடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கேசட்டை அவர் கையில் கொடுத்தேன். பைக்குள் வைப்பார் என்று பார்த்தால், வாய்க்கு நேராகக் கொண்டுபோய், மூச்சை இழுத்து, ஓங்கி ஒரு ஊது. வாயில் இருந்தது வெற்றிலை. கேசட்டும் சிவந்தது, என் மேஜையும் சிவந்தது. நான் பஞ்சை மறுபடி எடுத்தேன். அவருக்கே சங்கடமாகப் போய்விட்டது.

"கோவிச்சுக்காதீங்க. கையில எடுத்தா வாய் தன்னால போயிருதுங்க. காலையில இருந்து விசில் ஊதற வாய் இல்லீங்களா."

ஸ்டெல்லா

நம் மாதிரிக் கிறுக்கர்களுக்கென்று வாட்ஸப்பில் ஒரு குழு இருக்கிறது. அதில் எனக்குப் பழக்கமானவர் ஜெபமணி. சூரியநெல்லியில் எஸ்டேட் பாக்டரி எலக்ட்ரீசியன். ஒருநாள் போன் செய்து, ஒரு ஜப்பான் கேசட்டில் பேட்டரி இறங்குகிறது என்றார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நீளமான கதை ஆட்டங்கள் உள்ள சில கேசட்டுக்குள் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். நீங்கள் எந்த ஊர்வரை போனீர்கள், என்னென்ன சம்பாதித்தீர்கள் என்பதையெல்லாம் அந்தப் பேட்டரியின் தயவில்தான் கேசட் ஞாபகம் வைத்திருக்கிறது. பேட்டரி செத்தால் எல்லாம் போச்சு. கடைக்குக் கொடுத்து அனுப்புங்கள் என்றேன். அது வீட்டைவிட்டு வெளியே வராது, நீங்கள்தான் வரவேண்டும் என்றார். எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும் பஸ் ஏறினேன்.

எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு அவர்களுடையது. கேசட் எங்கே என்றதும் ஜெபமணி சமையலறைக்குப் போய், நீல அரிசி டிரம்மைத் திறந்து, முழங்கை வரைக்கும் கையை விட்டார். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய கேசட்கள் அரிசிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்த ஊர் மஞ்சு, அதாவது பனிமூட்டம், சுவருக்குள்ளேயே இறங்குமாம், அலமாரியில் வைத்தால் ஒரு மழைக்காலத்தில் எல்லாம் பூத்துவிடுமாம். ஈரத்தை இழுத்துக்கொள்வது அரிசி. அதனால் அந்த லயத்தில் ரேஷன் கார்டு, மாத்திரை, காது கேட்கும் மெஷின் எல்லாமே அரிசிக்குள்தான். எனக்கே இது தோன்றவில்லையே என்று நான் பாராட்டினேன். பாராட்டியதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அனுபவிப்பேன்.

ஜெபமணி அந்தக் கேசட்டை என்னிடம் தரவில்லை. அப்போதுதான் கொழுந்து எடுத்துவிட்டு வந்து காலில் அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த தன் மனைவியிடம் கொடுத்தார். ஆடுகிறவள் ஸ்டெல்லாதான். கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்த மழைக்காலத்தில் தொட்டது, இன்றுவரை அதே ஒரு ஆட்டம். ஐந்து மணிக்கு மேல் யானைக்குப் பயந்து அங்கே யாரும் வெளியே இறங்குவதில்லை. அந்த நேரத்தில் இவள் உட்காருகிறாள். திரையில் நீலச்சட்டை போட்ட ஒரு குட்டி ஆள் காட்டிலும் மலையிலும் ஊர் ஊராக நடக்கிறான். எழுத்து முழுக்க ஜப்பான் மொழி. இவளே எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். கிணறு இருந்தால் கிணத்தூர், பாலத்தைத் தாண்டினால் பாலத்தூர், கடைக்காரர் அண்ணாச்சி. எல்லா ஊரும் சுற்றியாயிற்று, கறுப்புக் கோட்டை ஒன்றுதான் பாக்கி.

கேசட்டைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரி எந்த நேரமும் போகலாம். பற்றவைக்க இரண்டு பக்கமும் தகட்டுக் காது வைத்த பேட்டரி வேண்டும், அது என் கைவசம் இல்லை, வரவழைத்துக்கொண்டு வருகிறேன், அதுவரைக்கும் கர்த்தர்தான் காப்பாற்ற வேண்டும் என்றேன். ஜெபமணி வோல்ட் கணக்கெல்லாம் கேட்டார். ஸ்டெல்லா கேட்டது ஒன்றுதான்.

"பேட்டரி செத்தா அந்த ஊர்க்காரங்கல்லாம் என்னைய மறந்துருவாங்களாக்கா?"

கிளி

திரும்பும் வழியில் காந்தலூருக்கு ஏறினேன். அங்கே ஒரு விவசாயியிடம் ஒரிஜினல் கேசட்கள் ஒரு சாக்கு நிறைய இருப்பதாகக் குழுவில் பேச்சு. வாயில் எச்சில் ஊறப் போனேன். வீட்டில் கேசட்டின் கூடுகள்தான் இருந்தன. இரண்டு பாதியாகப் பிரித்த கூடுகள், ஒவ்வொன்றிலும் பீன்ஸ் விதை, முள்ளங்கி விதை. உள்ளே இருந்த பச்சைத் தகடெல்லாம் எங்கே என்றேன். தோட்டத்தில் என்று கையைக் காட்டினார்.

பிளம்ஸ் மரம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தகட்டிலும் ஓட்டை போட்டு, கம்பியில் கோத்து, கிளைக்கு ஒன்று. காற்றில் திரும்பும்போதெல்லாம் பல் வெயிலில் மின்னியது. நான் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எட்டிய தகடு ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். மழையில் அதன் பேட்டரி வெடித்து, பச்சைக் கசண்டு வழிந்து, கோடுகளையெல்லாம் தின்றிருந்தது. எனக்கு ஸ்டெல்லாவின் கேசட்தான் கண்முன் வந்தது. மிச்சமிருப்பதையாவது எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சுவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"சிடி கட்டுனேன், கிளி வந்து அதுல மூஞ்சி பாத்துட்டுப் போச்சு. இதக் கட்டுன பெறகு ஒண்ணு வரல. ஒங்ககிட்ட இன்னும் இருந்தா குடுங்க, ஆரஞ்சு மரம் சும்மா நிக்குது."

தேர்

பேட்டரி வருவதாக இல்லை. இன்று வரும், நாளை வரும் என்று நான் கூரியர்காரரை விரட்டிக்கொண்டிருந்த நாட்களில் கல்பாத்தி மாமா வந்தார். ரிட்டயரான இன்ஜினியர். பழைய பெட்டிகளில் ஓடுகிற மாதிரி புத்தம் புது ஆட்டங்களை வீட்டில் உட்கார்ந்து தானே எழுதுகிறவர். உலகம் முழுக்க இப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சம்பளம் கிடையாது, ஆசைதான். எழுதிக் கொண்டுவந்தால், செத்துப்போன ஒரு கேசட்டின் சிப்பை எடுத்துவிட்டு இவர் ஆட்டம் ஏற்றிய சிப்பைப் பற்றவைத்துக் கொடுப்பது என் வேலை.

இந்தத் தடவை ஆட்டம் தேர் இழுப்பது. படம் வரைந்திருந்த அழகுக்கு நான் கையெடுத்தே கும்பிட்டேன். பட்டனை அமுக்கினால் வடம் விறைக்கிறது. தேர் நகரவில்லை. அமுக்கினேன், அமுக்கினேன், கட்டைவிரல் வலித்தது. சக்கரம் ஒரு புள்ளி அளவு நகர்ந்த மாதிரி இருந்தது. அதற்குள் சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டார்கள். எழுதியதில் ஏதோ தப்பு இருக்கிறது மாமா என்றேன். ஒரு தப்பும் இல்லை, நிலைக்கு வந்து சேரும்வரை நீ ஆடிப் பார்த்துவிட்டுத்தான் கேசட்டை மூடவேண்டும் என்றார். நடுவில் நிறுத்திச் சேமிக்க வழி உண்டா? இல்லை, பேட்டரி வைக்கவில்லை. அப்படியானால் மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும் என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"மூணு நாள் ஆகும், கேட்டேளா. நிஜத் தேரே அத்தனை நாள் எடுத்துக்கறது, கேசட்ல மட்டும் ஓடிண்டு வருமோ?"

டிரம்

அந்த வாரத்தில் ஒரு காலை, கடை ஷட்டரில் கை வைத்தபோது ஜெபமணியின் போன். "வந்துட்டுப் போயிருச்சுக்கா" என்றார். யார் என்று கேட்க வேண்டியதில்லை. யானை வருகிறது என்று மாலையிலேயே தகவல் வந்து, கடைசி வீட்டுக்காரர்கள் எல்லோரும் லயத்தின் நடுவிலுள்ள வீட்டில் போய்ப் படுத்திருந்ததால் ஆட்களுக்கு ஒன்றுமில்லை. சமையலறைச் சுவரைத் தள்ளிவிட்டு, அரிசி டிரம்மை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்றதும் வந்த மூச்சு, டிரம் என்ற வார்த்தையில் நின்றுபோனது. யோசித்துப் பாருங்கள். யானை நடமாடுகிற ஊர். யானை தேடி வருவது அரிசியை. உலகத்தில் வேறு இடமே இல்லாத மாதிரி அந்த அரிசிக்குள் கேசட்டை வைத்திருக்கிறோம். இரண்டு எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் அந்த டிரம்மைச் சுற்றி நின்று, ஈரம் படாது, ஈரம் படாது என்று மெச்சிக்கொண்டிருக்கிறோம். எனக்கு என் தலையிலேயே ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மீதியை ஜெபமணி சொல்லச் சொல்ல நான் ஷட்டரடியில் உட்கார்ந்தே கேட்டேன். யானை ரோட்டைத் தாண்டும்வரை ஒருவரும் இறங்கக்கூடாது என்று ஃபாரஸ்ட் வாச்சர்கள் சொல்லியிருக்கிறார்கள். வெளிச்சம் வந்ததும் திரும்பிப் பார்த்தால் ஸ்டெல்லாவைக் காணோம். தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டாள். சரிவில் டிரம் நசுங்கிக் கிடந்திருக்கிறது. சாப்பாட்டில் நாம் கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல அரிசியைத் தின்றுவிட்டு கேசட்டையெல்லாம் ஒருபக்கம் ஒதுக்கியிருக்கிறது யானை. பாதி, மிதிபட்டுத் தூள். ஜப்பான் கேசட் சேற்றில் புதைந்து, கூடு விரிசல் விட்டு, கவர் கிழிந்து ஈரமாகக் கிடைத்திருக்கிறது. இப்போது லயமே கூடி ஊதுவதற்குத் தயாராக நிற்கிறது என்றார் ஜெபமணி.

நான் பஜாரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். ஊதாதே, செருகாதே, வெயிலில் வைக்காதே, உலர்ந்த துணியில் ஒற்றி எடுத்து அப்படியே வை, நான் வரும்வரை யாரும் தொடக்கூடாது. அப்புறம் போனை ஸ்டெல்லாவிடம் கொடுக்கச் சொல்லி அவளுக்கும் ஒரு பாட்டு விட்டேன். ஒரு கேசட்டுக்காக யானைக்கு முன்னால் போய் நிற்பாயா, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று. அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"அரிசி அதுக்கு, கேசட்டு எனக்குக்கா. அது அதோடத எடுத்துக்கிச்சு, நான் என்னோடத எடுத்துக்கிட்டேன்."

ஜீப்

பேட்டரி வந்த அன்றே கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் வழிநெடுக ஒரே யோசனை. ஈரத்தில் அந்தப் பேட்டரி ஏற்கெனவே செத்திருந்தால் நான் போய்ச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஸ்டெல்லாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

சுவர் இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். தகட்டைத் துடைத்து, கூடு இல்லாமல் அப்படியே பெட்டியில் செருகி, சுவிட்சைப் போட்டேன். கறுப்புக் கோட்டைக்கு வெளியே நீலச்சட்டைக்காரன் நின்றுகொண்டிருந்தான். லயமே ஸ்தோத்திரம் சொன்னது. ஆனால் ஆபத்து இனிமேல்தான். பழைய பேட்டரியை எடுத்துப் புதியதை வைக்கிற வரைக்கும் கேசட்டின் ஞாபகத்துக்கு வேறு எங்கிருந்தாவது கரண்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதனால் பெட்டியை ஓடவிட்டபடியே பற்றவைப்பது வழக்கம். பெட்டி கண நேரம் அணைந்தாலும் கதை முடிந்தது. அந்த ஊர்க் கரண்டை நம்ப முடியாது என்று ஜெபமணி எஸ்டேட் ஜீப்பை ஜன்னலோரம் நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து பெட்டிக்கு வயர் இழுத்திருந்தார்.

பழைய பேட்டரி கையோடு வந்தது. அந்த நொடியில் கரண்ட் போனது. டிவி இருண்டது, என் கண்ணும் இருண்டது. பெட்டியின் ஓரத்தில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது, ஜீப் காப்பாற்றிவிட்டது. ஆனால் என் கையில் இருந்த சால்டரிங் அயர்ன் ஆறிக்கொண்டிருந்தது. பற்றவைக்கச் சூடு இல்லை. ஸ்டெல்லா அதை என் கையிலிருந்து பிடுங்கி, கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, அயர்ன் முனையைத் தீயில் காட்டிக் காட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு காது ஒட்டியது. அடுத்த காதுக்குத் தொடும்போது வெளியே ஜீப்பின் கதவு சாத்துகிற சத்தம். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மொத்தக் கரண்டையும் ஒரே இழுப்பாக இழுக்கும், பெட்டி அணைந்துபோகும். ஜெபமணி ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே விட்டு டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த இடைவெளியில் இரண்டாவது காதும் ஒட்டியது. டிரைவர் எங்கள் எல்லோரையும், வயரையும், தீயில் வாட்டிய அயர்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்க மலையில கொழுந்து வாடிட்டு கெடக்கு. நீங்க என்னடான்னா டிவி பொட்டிக்கு குளுக்கோஸ் ஏத்திக்கிட்டு இருக்கிய."

கோட்டை

கரண்ட் வந்தது. உண்மையான பரீட்சை பெட்டியை அணைத்துவிட்டுப் போடுவதுதான். அணைத்தேன். ஜீப் வயரையும் கழற்றினேன். கடுங்காப்பி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தோம். யாரும் ருசித்துக் குடிக்கவில்லை. போட்டேன். நீலச்சட்டைக்காரன் அதே இடத்தில் நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. டிரைவர்கூடக் கொழுந்தை மறந்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். இந்தப் பேட்டரி இனிப் பல வருஷத்துக்குத் தாங்கும், தைரியமாக ஆடு என்று சொல்லி ஸ்டெல்லா கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். கோட்டைக்குள் போ, போ என்று ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னார்கள். இத்தனை பாடுபட்ட எனக்கும் அந்தக் கோட்டைக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்போல் இருந்தது.

அவள் கோட்டைக்குள் போகவில்லை. ஆட்டத்தின் முதல் பக்கத்துக்குப் போனாள். அந்தக் கேசட்டில் சேமிக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு. எனக்கு ஜப்பான் எழுத்து தெரியாது, ஆனால் இத்தனை வருஷத்தில் அழிக்கும் பட்டன் எந்த மொழியில் இருந்தாலும் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் அமுக்கிவிட்டாள். கோட்டை, அண்ணாச்சி, கிணத்தூர், பாலத்தூர் எல்லாம் போயிற்று. திரையில் நீலச்சட்டைக்காரன் கையில் ஒரு குச்சியோடு ஏதோ ஒரு சின்ன வீட்டு வாசலில் புதிதாக நின்றான்.

ஜெபமணி தலையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். யானை தொடாமல் விட்டதை, ஈரம் விட்டதை, கரண்ட் விட்டதை, ஜீப் விட்டதை இவள் ஒற்றை விரலால் முடித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. ஊர்க்காரர்கள் மறந்துவிடுவார்களா என்று கேட்டாயே, இப்போது நீயே மறக்கடித்துவிட்டாயே என்றேன். பேட்டரி செத்தால் நான் எத்தனை தடவை பழகினாலும் அணைத்ததும் மறந்துவிடுவார்கள், இப்போது நானே ஒவ்வொரு ஊராகப் போய் மறுபடி பழகிக்கொள்வேன் என்றாள். சரி, ஒரே ஒரு தடவை கோட்டைக்குள் போய்ப் பார்த்துவிட்டு அழித்திருக்கலாமே என்று நான் விடாமல் கேட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அந்தக் குச்சிக்காரனை வாசலைவிட்டு இறக்கி நடக்கவிட்டாள். மணி ஐந்தாகியிருந்தது. ஜெபமணி எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"உள்ள போயிட்டா கதை முடிஞ்சிரும்க்கா. இந்த நேரத்துக்கு மேல வாசப்படி தாண்ட முடியல. நான் காலாற நடக்கிறதுக்கு இருக்கிறது அந்த ஒரு நாடுதான், அதையும் முடிச்சுட்டு நான் எங்கக்கா போக?"

ஆகவே, என் இனத்தைச் சேர்ந்த சக நோயாளிகளே, பல்லைத் துடைப்பதும் பேட்டரி மாற்றுவதும் நம் வேலை, அதை வைத்து அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கூட நின்று பார்ப்பது மட்டும் நம் உடம்புக்கு ஆகாது.